மீன்தொட்டிக்கு ஒரு மரத்தாங்கி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

வீட்டில் வண்ண மீன் வளர்க்க விரும்பும் நண்பர்கள் தொட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள், மீனைப் பற்றிக் கேட்கிறார்கள். அத்தொட்டி எதன்மீது நிற்கப்போகிறது என்று கேட்பவர் அரிது. படிக்கும் மேசை போதும் என்பதே பலரது எண்ணம். அது போதுமா என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அடியில் 5 செ.மீ. மணல் பரப்பி, 40 செ.மீ. வரை நீர் நிரப்பினால் நீர் மட்டுமே ஏறத்தாழ 100 லிட்டர், அதாவது 100 கிலோ. 6 மி.மீ. கண்ணாடி 20 கிலோ, மணல் 20 கிலோ. ஆக, 140 கிலோ! ஏறக்குறைய இரண்டு அரிசி மூட்டைகள். மூட்டையையாவது நாளடைவில் தின்று தீர்ப்போம். இந்த எடையோ ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். நீடித்த சுமையில் மரம் மெல்ல மெல்லத் தொய்யும் இயல்புடையது என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவு எடையைக் கால்கள் தாங்குமா என்ற ஐயம் எழலாம். இரண்டு அங்குலச் சதுரக் கால்கள் நான்கின் குறுக்குப் பரப்பு மொத்தம் 100 ச.செ.மீ. ஒரு ச.செ.மீ.க்கு ஒன்றரை கிலோ கூட வரவில்லை. இழையோட்டத்தின் நெடுகில் தேக்கு இதைப்போல் பல மடங்கைப் பாதுகாப்பாகத் தாங்கும். அப்படியானால் ஓரங்குலக் கால் போதாதா? எடைக்குப் போதும், இணைப்புக்குப் போதாது. காலின் தலையில் ஓரங்குல ஆழத்திற்குப் படிபோல் வெட்டி, அப்படியின்மீது நீளச் சட்டத்தை உட்காரவைக்க வேண்டும். வெட்டியபின் காலில் மிச்சம் மரம் இருக்க வேண்டுமல்லவா? மரத்தின்மீது மரம் அமர்ந்தால்தான் சுமை தரைக்கு இறங்கும். சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்துத் திருகாணி முடுக்கிவிட்டால் முழு எடையும் அந்தச் சில திருகாணிகளில் தொங்கும். திருகாணியின் வேலை சட்டத்தை நகராமல் பிடித்திருப்பது மட்டுமே.

இனி, சட்டம். மூன்று அங்குல அகலமும் ஓரங்குலக் கனமும் உள்ள சட்டத்தைப் படுக்கவைப்பதா, நிறுத்திவைப்பதா? எங்கள் வீட்டில் தச்சு வேலைதான் சோறு போடுகிறது. பள்ளிக்கூடம் சென்றறியாத என் தந்தையார், “படுக்கப் போட்டா தொங்கும்டா, நிறுத்திப் போடு” என்பார். யங் குணகம் காணும் செய்முறையில் நாம் எழுதும் வாய்பாட்டில் கனத்தின் மும்மடி வருகிறதே, அது சொல்வதும் இதையேதான். நிறுத்திய சட்டம் படுத்த சட்டத்தைவிட ஒன்பது மடங்கு விறைப்பானது. மேற்சொன்ன எடைக்கு இரண்டு தேக்குச் சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வளையும். படுக்கவைத்தால் அரை சென்டிமீட்டர் தாண்டும். கண்ணாடி அவ்வளவு பொறுக்காது.

தேக்குதான் வேண்டும் என்பதில்லை. வேம்போ பூவரசோ போதும். ஆனால் நன்கு காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும் என்பதை எந்த வாய்பாடும் எனக்குக் கற்பிக்கவில்லை, எங்கள் பட்டறை கற்பித்தது.

இத்தனையும் செய்தபின்னரும் தாங்கி விழக்கூடும், அதுவும் பக்கவாட்டில். தீப்பெட்டியின் உட்பெட்டியை உருவிவிட்டு, மேலுறையின் ஒரு மூலையை விரலால் தள்ளிப் பாருங்கள். சாய்ந்து தட்டையாகிவிடும். நாற்கரம் மூலைகளில் மடங்கும், முக்கோணம் மடங்காது. எனவே பின்பக்கக் கால்கள் இரண்டையும் சேர்த்து ஒட்டுப்பலகை ஒன்றை முழுதாக அறைந்துவிட வேண்டும். இரு பக்கங்களிலும் மூலைவிட்டமாக ஒவ்வொரு சட்டம் கொடுக்க வேண்டும். தொட்டியில் நீர் அலையும்போது தோன்றும் தள்ளுவிசையை இவையே ஏற்கின்றன. அழகு கெடுகிறது என்று இவற்றை விட்டுவிடுவோர் உண்டு. அழகு தொட்டிக்குள் இருந்தால் போதாதா?

மேலே முக்கால் அங்குல ஒட்டுப்பலகை, அதன்மேல் அரை அங்குலத் தெர்மோகோல். பலகையில் ஒரு மணல் துணுக்கு இருந்தாலும் அடிக்கண்ணாடிக்கு அது உளிமுனை. தெர்மோகோல் அதைத் தன்னுள் அமுக்கிக்கொள்ளும். கால்களின் அடிமுனைக்கு இரண்டு பூச்சு வர்ணம் கூடுதலாகக் கொடுங்கள். மரம் நீர் குடிப்பது அங்கேதான்.

தாங்கியைச் சுவரோரம் நிறுத்தித் தொட்டியில் கால்பங்கு நீர் மட்டும் ஊற்றுங்கள். ரசமட்டம் தேடவேண்டாம், தொட்டி நீரே ரசமட்டம். நான்கு மூலைகளிலும் விளிம்பிலிருந்து நீர்வரை அளந்து பாருங்கள். அளவுகள் வேறுபட்டால் நீரை இறைத்துவிட்டு, தாழ்ந்த காலுக்கு அடியில் தகரத் துண்டு கொடுக்க வேண்டும். கண்ணாடிக்கு அடியில் ஒருபோதும் கொடுக்கக்கூடாது. மீண்டும் அளந்து, நான்கும் ஒத்துவந்தபின் முழுதும் நிரப்பி, ஒருநாள் அப்படியே விட்டுவைத்துவிட்டு மீன் வாங்கக் கிளம்பலாம்.