பதுங்கும் புலி எது? பாயும் புலி எது?

மார்ச் மாதம் வந்தால் நமக்கெல்லாம் பரீட்சைக் காய்ச்சல். அமெரிக்காவில் அதே மாதத்தில் வேறொரு காய்ச்சல் பிடித்து ஆட்டும். அது கல்லூரி அண்ணன்களின் கூடைப்பந்துப் போட்டி! என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கம் இதை நடத்துகிறது. மக்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'மார்ச் மேட்னஸ்'. அதாவது, மார்ச் மாதப் பைத்தியம்!

1939-ல் வெறும் 8 அணிகளோடு தொடங்கிய போட்டி இது. 1985-ல் 64 அணிகளாக வளர்ந்தது. 2011-ல் 68 ஆனது. அதில் 8 அணிகள் முதலில் தங்களுக்குள் மோதும். 4 அணிகள் வெளியேறி, 64 ஆன பிறகுதான் அசல் ஆட்டம். ஒரு முறை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தொடர்ந்து 6 ஆட்டங்கள் ஜெயித்தால் கோப்பை.

ஆட்டம் தொடங்கும் முன்பே ஊரெல்லாம் இன்னொரு போட்டி தொடங்கிவிடும். எந்த அணி எந்தச் சுற்றில் ஜெயிக்கும் என்று கடைசி வரைக்கும் ஊகித்து, ஒரு தாளில் எழுதி வைப்பார்கள். அந்தத் தாளுக்கு 'பிராக்கெட்' என்று பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் ஆபீஸ் மானேஜர் வரை எல்லோரும் எழுதுவார்கள். அதிபர் ஒபாமாகூட டி.வி.யில் எழுதிக் காட்டினார். 2009-ல் வட கரோலைனா வெல்லும் என்றார், வென்றது! அதன் பிறகு 2016 வரை ஆண்டுதோறும் எழுதினார். அந்த ஏழு முறையும் சாம்பியனைக் கோட்டை விட்டார்.

பாவம், அவர் என்ன செய்வார்? 64 அணிகள் என்றால் மொத்தம் 63 ஆட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஜெயிப்பது இவரா, அவரா என இரண்டு வழி. 2-ஐ 63 முறை பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 92 ஆயிரம் கோடிக் கோடி வரும்! ஒரு நொடிக்கு ஒரு தாள் வீதம் எழுதினால், எல்லா வழிகளையும் எழுதி முடிக்க 29 ஆயிரம் கோடி ஆண்டுகள் ஆகும். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். 2014-ல் கோடீசுவரர் வாரன் பஃபெட்டும் ஒரு நிறுவனமும் சேர்ந்து, முழுத் தாளும் சரியாக இருந்தால் 100 கோடி டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. 2019-ல் ஒஹையோ மாநிலத்துக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைத் தொடர்ச்சியாகச் சரியாகச் சொன்னார். 50-வதில் சறுக்கினார்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்க வேண்டியதுதானா? இல்லை, அதற்கும் வழி இருக்கிறது.

64 அணிகளை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை எண் கொடுப்பார்கள். 1 என்றால் மிக பலசாலி. 16 என்றால், ஏதோ உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் சுற்றில் 1-உம் 16-உம் மோதும், 2-உம் 15-உம் மோதும். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வரும், கவனித்தீர்களா? 1985 முதல் 2025 வரை 1-ஆம் எண் அணிகள் 16-உடன் 160 முறை மோதி 158 முறை ஜெயித்திருக்கின்றன. 8-உம் 9-உம் மோதினால் காசு சுண்டிப் போடலாம். ஆனால் 5-ஆம் எண் அணி 12-உடன் மோதும்போது, ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை 12 ஜெயித்துவிடுகிறது!

இப்படிப் பின்வரிசையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, திடீரென்று பாயும் அணிக்கு அமெரிக்காவில் 'ஸ்லீப்பர்' என்று பெயர். தூங்குகிறவர் என்று பொருள். நாம் பதுங்கும் புலி என்று சொல்லலாமே!

பெரிய அணி எப்படித் தோற்கிறது? ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பையில் 6 சிவப்புக் கோலிகளும் 4 வெள்ளைக் கோலிகளும் போடுங்கள். சிவப்பு பெரிய அணி, வெள்ளை சின்ன அணி. பார்க்காமல் ஒரு கோலியை எடுத்து, நிறத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிடுங்கள். 3 முறை எடுத்து, எந்த நிறம் அதிகம் வந்ததோ அது ஜெயித்ததாக வைத்துக்கொண்டால், வெள்ளை நூற்றில் சுமார் 35 தடவை ஜெயிக்கும். 21 முறை எடுத்துப் பார்த்தால் நூற்றில் சுமார் 17 தடவைதான். எடுக்கும் முறை குறையக் குறைய, பலவீனமான அணிக்கு அதிர்ஷ்டம் கூடுகிறது. என்.பி.ஏ. பிளே-ஆஃப் சுற்றுகளில் இரண்டு அணிகள் 7 ஆட்டங்கள் வரை மோதுவார்கள். இங்கேயோ ஒரே ஆட்டம்!

இதில் மாட்டிக்கொண்டதுதான் வர்ஜீனியா. 2018-ல் 68 அணிகளிலும் முதலிடம் அதற்குத்தான். எதிரிக்கு ஓர் ஆட்டத்தில் சராசரியாக 54 புள்ளிகள்தான் விட்டுக்கொடுக்கும். எதிரே வந்தது யு.எம்.பி.சி. என்ற மேரிலாண்ட் பல்கலைக்கழக அணி. அந்தப் பல்கலைக்கழகம் சதுரங்கத்துக்குத்தான் பேர்போனது! பாதி ஆட்டத்தில் 21-21. அடுத்த பாதியில் மட்டும் யு.எம்.பி.சி. 53 புள்ளிகள் குவித்தது. முடிவு 74-54. ஆண்கள் போட்டியில் 16-ஆம் எண் அணி 1-ஐ வென்றது அதுதான் முதல் முறை. (பெண்கள் போட்டியில் 1998-லேயே ஹார்வர்ட் அக்காக்கள் ஸ்டான்ஃபோர்டை 71-67 என்று வென்றுவிட்டார்கள்!)

இப்போது துப்பறிவோம். வர்ஜீனியா நிதானமாக, மெதுவாக ஆடும் அணி. மெதுவாக ஆடினால் பந்து கைமாறும் தடவை குறையும். கோலியைக் குறைந்த முறை எடுப்பது போலத்தான்! யு.எம்.பி.சி. தூரத்திலிருந்து 24 மூன்று-புள்ளி எறிகள் எறிந்து, 12-ஐக் கூடைக்குள் போட்டது. வர்ஜீனியா 22 எறிந்து, 4-தான் போட்டது. போதாக்குறைக்கு, வர்ஜீனியாவின் நல்ல வீரர் ஒருவர் மணிக்கட்டு முறிந்து வெளியே உட்கார்ந்திருந்தார். அதே வர்ஜீனியா அடுத்த ஆண்டு, 2019-ல், டெக்சாஸ் டெக்கை 85-77 என வென்று கோப்பையை வாங்கியது.

எனவே பதுங்கும் புலியைத் தேடினால் முதலில் மூன்று-புள்ளி எறிகளைப் பாருங்கள். 2008-ல் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரி 10-ஆம் எண்ணோடு வந்து, கடைசி 8 அணிகளில் ஒன்றானது. அங்கே தூரத்திலிருந்து எறிந்து தள்ளிய ஒல்லிப் பையன் யார் தெரியுமா? ஸ்டீபன் கரி! அடுத்து, அணியில் மூன்று, நான்கு ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். பெரிய கல்லூரிகளின் நட்சத்திரங்கள் பலர் ஒரே ஆண்டில் என்.பி.ஏ.வுக்குப் பறந்துவிடுவார்கள்.

கோப்பையை வெல்லும் அணியைக் கண்டுபிடிக்கும் வழி வேறு. கென் பொமராய் என்பவர் வானிலை ஆய்வாளராக இருந்தவர். ஓர் அணி 100 முறை பந்து கையில் கிடைத்தால் எத்தனை புள்ளி எடுக்கிறது, எத்தனை விட்டுக்கொடுக்கிறது என்று கணக்கிட்டார். 50-க்கு 40 மார்க் வாங்கியவரையும் 100-க்கு 70 வாங்கியவரையும் ஒப்பிட, நாம் சதவீதம் பார்க்கிறோம் அல்லவா? அதே வித்தைதான். எடுப்பது, தடுப்பது இரண்டிலும் முன்வரிசையில் இருக்கும் அணிகளே பெரும்பாலும் கோப்பை வாங்குகின்றன. 1985-ல் 8-ஆம் எண்ணோடு வந்த வில்லனோவா, ஜார்ஜ்டவுனை 66-64 என வென்று சாம்பியன் ஆனது. அதைவிடப் பின்தங்கிய எண் கொண்ட எந்த அணியும் 2025 வரை சாம்பியன் ஆகவில்லை.

இன்னொரு தந்திரம்: பல இடங்களில் முதல் சுற்றில் சரியாகச் சொன்னால் 1 புள்ளி, அடுத்து 2, பிறகு 4, 8, 16, 32 என்று கொடுப்பார்கள். ஆகவே முதல் சுற்றில் ஒரு 12-ஐத் துணிந்து எழுதலாம்; தப்பினால் நஷ்டம் கொஞ்சம்தான். சாம்பியன் இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்!

நமக்குப் பிடித்த அணி ஜெயிக்கும் என்று எழுதத்தானே கை துடிக்கும்? சிகாகோவின் லயோலா அணிக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்தவர் சிஸ்டர் ஜீன். 2018-ல் அவருக்கு 98 வயது! சக்கர நாற்காலியில் வந்து பிரார்த்தனை செய்வார். அவரும் தாள் எழுதினார். தன் அணி கடைசி 16-க்கு வந்து, அங்கே தோற்கும் என்று எழுதினார். பாசம் வேறு, கணக்கு வேறு என்று தெரிந்த பாட்டி! 11-ஆம் எண் லயோலாவோ 64-62, 63-62, 69-68 என்று மயிரிழையில் மூன்று ஆட்டங்களை ஜெயித்து, அவர் போட்ட கோட்டைத் தாண்டியது. கடைசி நான்கு அணிகள் வரை போய், மிச்சிகனிடம் தோற்றது. சிஸ்டர் ஜீன் 2025-ல் 106 வயதில் மறைந்தார்.

அந்த ஆண்டுக் கோப்பை யாருக்கு என்கிறீர்களா? அதே வில்லனோவாவுக்கு! இந்தத் தடவை அதன் எண் 1.