புள்ளி இருக்கிறது, பத்திரம் இருக்கிறதா?

ஆஸ்திரேலியாவுக்குத் திறன் விசாவில் போக நினைக்கும் நம் பிள்ளைகள் முதலில் புள்ளிக் கணக்குத்தான் போடுகிறார்கள். வயது 25 முதல் 32 வரை என்றால் 30 புள்ளி. இளங்கலைப் பட்டத்துக்கு 15. ஆங்கிலத் தேர்வில் மிக உயர்ந்த நிலைக்கு 20. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே ஐந்தாண்டு வேலை அனுபவத்துக்கு 10. குறைந்தது 65 வேண்டும். போட்டி அதிகமான தொழில்களில் அது போதாது. கைப்பேசியில் பத்து நிமிடத்தில் இந்தக் கணக்கு முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் பத்திரம் நிற்க வேண்டும். அதைச் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும்.

மலாக்காவில் தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். அதனால் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கமிருந்து இளைஞர்கள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பத்திரம் சொல்வதை இன்னொரு பத்திரம் சொல்வதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் விருப்பத்தைப் பதிவு செய்யும்போது பத்திரம் எதையும் கேட்கமாட்டார்கள். நாம் சொல்லும் புள்ளியை வைத்தே அழைப்பு வரும். வந்ததும் 60 நாளில் முழு விண்ணப்பத்தையும் அனுப்ப வேண்டும். 80 புள்ளி என்று சொல்லி அழைப்பு வாங்கியவருக்குப் பத்திரங்களின்படி 75தான் தேறுகிறது என்றால் விசா கிடைக்காது. முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும் 4,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டிய கட்டணமும் பொதுவாகத் திரும்பி வராது.

பெயர் என்னும் முதல் முடிச்சு

தோட்டத்தில் பிறந்த தலைமுறையின் பெயர்களைப் பெரும்பாலும் அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. பெற்றோர் வாயால் சொன்னதை ஆபீஸ் கிராணியோ ஆஸ்பத்திரிப் பணியாளரோ தம் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதனால் ஒரே தாய் பிறப்புப் பத்திரத்தில் 'லெட்சுமி', அடையாள அட்டையில் 'லட்சுமி', திருமணப் பத்திரத்தில் 'லச்சுமி' என்று இருப்பார். ஊரில் யாருக்கும் இது குழப்பமில்லை. கோப்பை மட்டும் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு அவர்கள் மூன்று பெண்கள்.

இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. திருத்தக்கூடிய பிழையைத் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பித்துத் திருத்தலாம். அதற்கு நாளாகும் என்பதால் முன்னதாகவே தொடங்க வேண்டும். திருத்த முடியாததற்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று 1960ஆம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தின் கீழ் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்டு, தொடர்புடைய பத்திரங்களின் நகலோடு இணைக்கலாம். வேறு பெயர்கள், வேறு எழுத்துக்கூட்டல்கள் உண்டா என்று விண்ணப்பமே கேட்கிறது. அந்த இடத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

குடும்பப் பெயர் எங்கே என்ற கேள்வியும் வரும். நமக்கு இருப்பது தந்தை பெயர்; நடுவில் 'ஏ/எல்', 'ஏ/பி'. ஆங்கிலத் தேர்வுக்கு ஒரு விதமாகவும் திறன் மதிப்பீட்டுக்கு வேறு விதமாகவும் பெயரைப் பிரித்து எழுதினால் பின்னால் தலைவலி. கடப்பிதழில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுவதே நல்லது.

கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பித்தால், கோயிலில் தாலி கட்டிய படம் திருமணப் பத்திரம் ஆகாது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்யும் சட்டம் நம் நாட்டில் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

மூன்று வரிக் கடிதம் போதாது

பத்து பெரண்டாம், ஆயர் குரோ தொழிற்பேட்டைகளில் ஆறேழு ஆண்டு உழைத்த பிள்ளைகள் கொண்டுவரும் வேலைக் கடிதம் பெரும்பாலும் மூன்று வரிதான்: இன்னார், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, இந்தப் பதவி. என்ன வேலை செய்தார் என்பது அதில் இருக்காது. ஆனால் மதிப்பிடுபவர்கள் பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, செய்த வேலையை. 'டெக்னீஷியன்' என்ற பெயரில் பொறியாளர் வேலை பார்த்தவர்களும் உண்டு, 'எக்ஸிகியூட்டிவ்' என்ற பெயரில் எழுத்தர் வேலை பார்த்தவர்களும் உண்டு.

கடிதம் நிறுவனத்தின் தலைப்புத்தாளில் இருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த நாள், விலகிய நாள், முழு நேரமா, வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், அன்றாடப் பொறுப்புகள், கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொடர்பு எண் ஆகியவை வேண்டும். அந்தக் கடிதத்துக்குத் துணையாக ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை, சம்பளச் சீட்டு, முதலாளி ஆண்டுதோறும் பிப்ரவரி முடிவதற்குள் தர வேண்டிய இஏ பாரம் ஆகியவற்றை வையுங்கள். நிறுவனம் மூடப்பட்டிருந்தால் சேமநிதி அறிக்கையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. மாதாமாதம் எந்த முதலாளி பணம் கட்டினார் என்பது அதில் பதிவாகியிருக்கும்.

சிங்கப்பூரில் வேலை செய்த மலாக்காப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. வேலை அனுமதியில் இருந்தவர்களுக்கு அங்கே மத்திய சேமநிதி பிடிப்பதில்லை. எனவே சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கறிக்கை, வருமான வரி மதிப்பீட்டுக் கடிதம் ஆகியவற்றைத் தூக்கி எறியாதீர்கள். கடந்த பத்தாண்டில் மொத்தம் 12 மாதமாவது வாழ்ந்த நாடு ஒவ்வொன்றிலிருந்தும் காவல்துறைச் சான்றிதழும் வேண்டும். மலேசியச் சான்றிதழுக்கு விஸ்மா புத்ராவில் விண்ணப்பிக்க வேண்டும். சிங்கப்பூருக்குத் தனியாகக் கைரேகையோடு விண்ணப்பிக்க வேண்டும்.

பொறியியல் பட்டதாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பு நாடானது. அதன்படி அங்கீகாரம் பெற்ற பட்டமென்றால் மதிப்பீடு எளிது. நீங்கள் படித்த பாடத்திட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, உங்கள் ஆண்டும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சொந்த வேலை அனுபவத்தை விவரித்து மூன்று கட்டுரைகள் எழுத வேண்டிவரும். அதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். பிறர் எழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மலாய் மொழிப் பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

'அட்ஜஸ்ட்' பண்ணலாமா?

"அண்ணே, ரெண்டு வருசம் குறையுது. தெரிஞ்ச கம்பெனியில லெட்டர் வாங்கிக்கலாமா?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். பொய்ப் பத்திரம் கொடுத்தது தெரிந்தால் அந்த விண்ணப்பம் போவது மட்டுமல்ல, மூன்று ஆண்டுகள் வேறு விசாவும் கிடைக்காமல் போகலாம். அடையாளத்திலேயே பொய் என்றால் பத்தாண்டு. அவரோடு விண்ணப்பித்த மனைவியையும் அது பாதிக்கும். புள்ளி குறைந்தால் ஆங்கிலத் தேர்வை மறுபடி எழுதலாம், மாநில நியமனம் தேடலாம், இன்னும் இரண்டாண்டு இங்கேயே வேலை செய்யலாம். அந்தத் தம்பி இப்போது ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று சொல்லும் முகவரிடமும் எச்சரிக்கை தேவை. ஆஸ்திரேலிய அரசிடம் பதிவு பெற்ற முகவருக்குப் பதிவெண் இருக்கும். கேளுங்கள், இணையப் பட்டியலில் சரிபாருங்கள். அனுப்பும் முன் விண்ணப்பத்தை முழுதாகப் படியுங்கள். முகவர் எழுதினாலும் அதற்குப் பொறுப்பு உங்களுடையது.

வெளிநாடு போகும் எண்ணம் இன்று இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். ஒரு வேலையை விட்டு விலகும்போது, உங்கள் மேலாளர் இன்னும் அங்கே இருக்கும்போதே, பொறுப்புகளை விவரிக்கும் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வீட்டில் அப்பா அம்மாவின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பத்திரம் மூன்றையும் ஒரு மேசையில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால், விவரம் சொல்ல அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் சரிசெய்யலாம்.