காலேஜை பாதியில் விட்டு ஓட்டத்தை வேலையாக்கலாமா?

செஞ்சியில் டிகிரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர், மாநில அளவில் 5,000 மீட்டர் ஜெயிக்கிறார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படிப்பை விட்டுடலாமா?

அமெரிக்காவில் இதை முடிவு பண்றது ஷூ கம்பெனி. கேட்லின் டூஹி 2023 டிசம்பரில் காலேஜ் அணியை விட்டு அடிடாஸில் சேர்ந்தார். நம்ம ஊரில் ‘புரொஃபஷனல்’ என்றால் பெரும்பாலும் ராணுவம், ரயில்வே, போலீஸ் வேலைதான்.

என்ன லாபம்?

மாதச் சம்பளம், கோச், பயிற்சிக்கு நேரம். அவினாஷ் சாப்லே பிளஸ் டூ முடித்து ராணுவத்தில் சேர்ந்தவர். போட்டி ஓட்டத்துக்கு வந்ததே 2015-ல், அங்கேதான். புதுக்கோட்டை லட்சுமணனும் ராணுவ வீரர்தான். 2017 புவனேஸ்வர் ஆசிய தடகளத்தில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார்.

என்ன நஷ்டம்?

ரயில்வே கோட்டாவில் லெவல் 4, 5 பணிக்கு டிகிரி வேணும். பிளஸ் டூ மட்டும் என்றால் லெவல் 2, 3-தான். காயம்பட்டு ஓட்டம் நின்றாலும், சர்வீஸ் முழுக்க அந்த வித்தியாசம் கூடவே வரும்.

அவசரம் இருக்கா?

பெரிசா இல்லை. தூர ஓட்டத்தில் உச்சம் தாமதமாகத்தான் வரும். சாப்லே 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 8:09.91 என்ற தேசிய சாதனை படைத்தது 2024-ல், 29 வயதில்.

வீட்டுக்குச் சம்பளம் உடனே தேவையா? வேலையில் சேர்ந்து, தொலைதூரக் கல்வியில் டிகிரியை முடிப்பது நல்லது. சமாளிக்க முடியுமா? இன்னும் ஒரு வருஷம் காலேஜிலேயே ஓடலாம். கால் எங்கேயும் போயிடாது.