சீஸ் தின்று கருகிய இலை

பூச்சியுண்ணும் செடிகளுக்குப் பூச்சி உணவு என்பதைவிட உரம் என்பதே பொருந்தும். மாவுச்சத்தை அவை மற்றச் செடிகளைப் போலவே வெயிலில் தயாரித்துக்கொள்கின்றன. அவை வளரும் சதுப்பும் மணலும் கலந்த மண்ணில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் மிகக் குறைவு. அந்தக் குறையைத்தான் பொறியில் விழும் ஈயும் எறும்பும் தீர்க்கின்றன. புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் ஈயைத் தேடி அலையாமல், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள் பாலில் கலக்கிக் குடிக்கும் புரோட்டீன் பவுடரையே இலையில் தூவினால் என்ன? வீட்டில் இவற்றை வளர்ப்பவர்களுக்கு இந்த யோசனை எப்படியும் ஒருநாள் வரும்.

பவுடர்தான் புதிது, யோசனை பழையது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த தாவரவியல் ஆர்வலர் வில்லியம் கேன்பி, வீனஸ் ஃப்ளைடிராப் எனப்படும் டயோனியாவின் பொறிகளுக்குள் மாட்டிறைச்சித் துணுக்குகளை வைத்துப் பார்த்ததை 1868-இல் எழுதினார். இறைச்சி செரித்தது. சீஸ் வைத்த இலைகள் கறுத்துச் செத்தன. சீஸில் உள்ள புரதத்தின் பெரும்பகுதி கேசின் என்ற பால் புரதம். இன்று டப்பாவில் விற்கும் கேசின் பவுடரும் அதுவே. பால் புரதத்தைச் செடிக்கு ஊட்டும் எவரும் முதலில் அறிய வேண்டிய முடிவு இது.

சார்ல்ஸ் டார்வின் இதையே முறையான ஆய்வாக்கினார். 1860 கோடையில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒட்டும் இலைகளால் பூச்சி பிடிக்கும் ட்ரோசிராவைக் கவனிக்கத் தொடங்கியவர், 15 ஆண்டுகள் கழித்துப் பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். சர்க்கரை, மாவு, கருவேலம் பிசின், ஆலிவ் எண்ணெய், தேநீர் என்று நைட்ரஜன் இல்லாத அல்லது இல்லை என்றே சொல்லத்தக்க திரவங்களை 61 இலைகளில் துளியாக வைத்தார்; ஒன்றும் அசையவில்லை. பால், முட்டை வெண்கரு, இறைச்சிச் சாறு, சிறுநீர் போன்றவற்றை 64 இலைகளில் வைத்தபோது 63 இலைகளின் உணரிழைகள் வளைந்தன. எதில் நைட்ரஜன் உண்டு, எதில் இல்லை என்று சொல்லும் வேதியியல் கருவியாகவே அந்தச் சின்னச் செடி அவர் கையில் மாறிப்போனது. இறைச்சித் துண்டு அளவுக்கு மிஞ்சினால் இலை கெட்டுப்போவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

இலை வளைவது வேறு, செடி பயனடைவது வேறு. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் அவர் மகன் ஃபிரான்சிஸ் டார்வின். 1877-இல் தட்டுகளில் ட்ரோசிரா வளர்த்து, ஒவ்வொரு தட்டையும் இரு பாதியாகத் தடுத்தார். பூச்சி நுழையாதபடி மெல்லிய துணியால் மூடி, ஒரு பாதிக்கு மட்டும் வறுத்த இறைச்சியின் பொடித்துணுக்குகளைக் கொடுத்தார். ஊட்டப்பட்ட செடிகளில் விதைகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டியது. மொத்த விதை எடை மூன்றரை மடங்கைத் தாண்டியது. இலையை மட்டும் பார்த்திருந்தால் வேறுபாடு இவ்வளவு துலங்கியிருக்காது.

இனி பவுடருக்கு வரலாம். 80 சதவீதப் புரதமுள்ள வே என்ற பால் புரத பவுடர் 100 கிராமில் சுமார் 13 கிராம் நைட்ரஜன் இருக்கும். உலர்ந்த பூச்சியில் அது 10 கிராம் அளவு. கணக்குப்படி பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பூச்சியின் சத்து கைட்டின் ஓட்டுக்குள் அடைபட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிறது. பவுடரோ ஈரம் பட்டதும் மொத்தமாகக் கரைகிறது. இலையின் நொதிகள் அதைப் பிரித்து முடிப்பதற்குள் பாக்டீரியாவும் பூஞ்சணமும் பந்தியில் உட்கார்ந்துவிடுகின்றன. பூச்சியில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் உண்டு. பவுடரில் இவை குறைவு. சாக்லேட், வெனிலா வாசனை சேர்த்த பவுடர்களில் உள்ள சர்க்கரையும் உப்பும் இனிப்பூட்டிகளும் செடிக்கு எதற்கும் உதவாதவை.

டயோனியாவில் இன்னொரு சிக்கல். சுமார் 20 நொடிக்குள் இரண்டு முறை உணர்முடி தொடப்பட்டால்தான் பொறி மூடும். மூடிய பின்னும் இரை துள்ளித் துள்ளி முடிகளை இடித்தால்தான் செரிமான நொதி முழு வேகத்தில் சுரக்கும். செடி இந்தத் தொடுதல்களை எண்ணுவதாக ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஹெட்ரிக் குழுவினர் 2016-இல் காட்டினார்கள். பவுடர் துள்ளாது. அதனால் வளர்ப்பவர்கள் உலர்ந்த புழுவையோ ஊறவைத்த மீன் தீனியையோ வைத்து, மூடிய பொறியை வெளியிலிருந்து மெல்ல அமுக்கிக் கொடுக்கிறார்கள். ஒட்டும் இலையுள்ள ட்ரோசிராவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வேதிப்பொருளே அதற்குப் போதுமான தகவல். எனவே பவுடர் பரிசோதனைக்குத் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ட்ரோசிரா கேப்பென்சிஸ்தான் தோதானது. ஒரே தாய்ச்செடியின் இலைத்துண்டு, வேர்த்துண்டிலிருந்து எத்தனை கன்றுகள் வேண்டுமானாலும் எடுக்கலாம்; பரம்பரை வேறுபாடு குறுக்கே வராது.

கன்றுகளை மூன்று குழுவாக்கி, எல்லாவற்றையும் வலையால் மூட வேண்டும். முதல் குழுவுக்கு வெறும் நீர்த்துளி, அடுத்ததற்கு உலர்ந்த பூச்சித் தூள், கடைசிக் குழுவுக்கு வாசனை சேர்க்காத பவுடர். கொடுக்கும் நைட்ரஜன் சமமாக இருப்பது முக்கியம்: 10 மில்லிகிராம் பூச்சித் தூளுக்கு 8 மில்லிகிராம் பவுடர் ஈடு. சமையலறைத் தராசு இதை நிறுக்காது. ஆனால் 1 கிராம் பவுடரை 125 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் ஒரு மில்லியில் 8 மில்லிகிராம் வந்துவிடும். ஒரு மில்லி என்பது ஏறக்குறைய 20 சொட்டு. இலைக்கு ஒரு சொட்டு என்று பல நாட்களில் பிரித்துக் கொடுக்கலாம். கரைசல் சில மணி நேரத்திலேயே புளித்து நாறத் தொடங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும். மண்ணில் சிந்தக் கூடாது. சத்தில்லாத மண்ணுக்குப் பழகிய வேர் அங்கே அழுகும். ஊற்றும் தண்ணீரும் மழைநீராகவோ வடிநீராகவோ இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு பரிசோதனையையே குலைத்துவிடும்.

அளவாக ஊட்டினால் பலன் இலையோடு நிற்பதில்லை. இலை வழியாகச் சத்துப் பெற்ற செடியின் வேர்கள் மண்ணிலிருந்தும் கூடுதலாகச் சத்து இழுப்பதைச் செக் நாட்டின் லுபோமீர் அடாமெட்ஸ் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஆகவே மூன்று குழுக்களிலும் புதிய இலைகளை எண்ணுவதோடு வேர்களையும் எடை பார்க்க வேண்டும். ஃபிரான்சிஸ் செய்தது போல, காய் முற்றும்வரை பொறுத்து விதைகளையும் நிறுக்க வேண்டும்.