கொடையும் கூலியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே கோப்பிக் கடையொன்றுக்குள் ஒருவர் நுழைகிறார். கருமபீடத்தின் முன் நின்று, ஒரு கோப்பியையும் ஒரு பணிசையும் கடதாசிப் பையிலே பெற்றுக்கொள்கிறார். அவர் அங்கு அமர்ந்து உண்ணப் போவதில்லை. அவருக்கு எவரும் பரிமாறப் போவதுமில்லை. ஆயினும், பணம் செலுத்தும் வேளையிலே காசாளர் சிறியதொரு திரையை அவர் பக்கம் திருப்புகிறார். 'டிப்' என வழங்கும் இனாமாக 18 வீதம் தருவீரா, 20 வீதம் தருவீரா, 25 வீதம் தருவீரா, அன்றி ஒன்றும் தரமாட்டீரா என்று அத்திரை வினவுகிறது. காசாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பின்னால் வரிசையில் நிற்போரும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அவர் எதனைத் தொடுவது முறை?

இக்கேள்வி அந்நாட்டவரையே மயங்கவைத்துள்ளது. 2023 ஆம் ஆண்டில் பியூ ஆய்வு நிலையம் நடத்திய கணிப்பிலே, ஐந்தாண்டுகளுக்கு முன்னர் இருந்ததிலும் கூடுதலான இடங்களில் இனாம் எதிர்பார்க்கப்படுகிறது என நூற்றுக்கு 72 பேர் கூறினர். இதற்கு விடை காண வேண்டுமாயின், அந்நாட்டிலே இனாம் என்பது கொடையா, கூலியா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

உள்நாட்டுப் போருக்குப் பின்னர், விடுதலை பெற்ற அடிமைகள் பலரைப் புல்மன் கம்பனி தன் படுக்கை வண்டிகளிலே பணியாளராக அமர்த்தியது. அவர்களுக்குக் கிடைத்த சம்பளம் சொற்பம்; பிரயாணிகள் தரும் இனாமை நம்பியே அவர்கள் வாழவேண்டியிருந்தது. இவ்வழக்கம் குடியரசுக்கு ஒவ்வாதது என்ற எதிர்ப்பும் எழுந்தது. 1909 இல் வொஷிங்டன் மாநிலம் இனாமைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. ஆனால் 1926 ஆம் ஆண்டளவில் அச்சட்டங்கள் யாவும் மறைந்துபோயின. பின்னர், 1966 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், இனாமைக் கூலியின் ஒரு பகுதியாகக் கணக்கிடும் உரிமையை உணவகங்களின் முதலாளிமாருக்கு வழங்கியது.

அதன் பயன் யாது? சமஷ்டிச் சட்டப்படி 2009 முதல் மிகக் குறைந்த கூலி மணிக்கு 7 டொலர் 25 சதம். ஆனால் இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2 டொலர் 13 சதம் கொடுத்தாற் போதும். இத்தொகை 1991 முதல் உயரவேயில்லை. எஞ்சியதை இனாம் நிரப்பவேண்டும். நிரப்பாவிடின் முதலாளி ஈடுசெய்ய வேண்டும். பல மாநிலங்கள் இதனினும் கூடிய தொகையை விதித்துள்ளன. கலிபோர்னியா, வொஷிங்டன் முதலிய ஏழு மாநிலங்கள் இவ்வாறு கழிப்பதை அனுமதிப்பதேயில்லை.

ஆகவே, மேசையில் அமர்ந்து உண்டவர் 15 முதல் 20 வீதம் வரை வைத்துச் செல்வதை வெறும் தாராளம் எனக் கொள்ளலாகாது. பெரும்பாலான மாநிலங்களில் அது பரிமாறியவரின் கூலியிலே ஒரு பங்கு. அதனை வையாது எழுந்து செல்பவர் உழைத்தவரின் ஊதியத்தையே குறைத்தவராவார்.

கருமபீடத்தில் வாங்குவது இதனின் வேறுபட்டது. அங்கு பணிபுரிவோர் பொதுவாக முழுக் கூலி பெறுபவர்கள். 1922 இல் நல்லொழுக்க நூலொன்றை வெளியிட்டுப் புகழ்பெற்ற எமிலி போஸ்ட் அம்மையாரின் பெயரால் இயங்கும் நிறுவனமும், பொதி கட்டி எடுத்துச் செல்லும் உணவுக்கு இனாம் கடமையன்று என்றே கூறுகிறது. உணவை மோட்டார் வண்டி வரை கொண்டுவந்து தந்தாலோ, பலருக்கான பெரிய கட்டளையைச் சிரமப்பட்டு ஆயத்தம் செய்தாலோ 10 வீதம் கொடுப்பது அழகு. கருமபீடத்தின் மேலுள்ள உண்டியலில் இடுவது அவரவர் விருப்பம்.

இவ்விடத்தே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. மாதம் 30 டொலருக்கு மேல் வழக்கமாக இனாம் பெறுபவரையே சட்டம் 'இனாம் பெறும் தொழிலாளி' என வகுக்கிறது. கருமபீடத்திலும் இனாம் நிலைத்த வழக்கமாகிவிடின், அங்குள்ளோரின் கூலியிலும் ஒரு பகுதியை வாடிக்கையாளரின் தலையில் ஏற்றிவிட முதலாளிக்கு வழி பிறக்கக்கூடும். இரக்கத்தினால் கொடுத்த காசு, காலப்போக்கில் முதலாளியின் செலவைக் குறைக்கும் காசாக மாறலாம். இனாமை முதலாளியோ மேலாளரோ தமக்கென எடுத்துக்கொள்ளலாகாது என்று 2018 இல் சட்டம் விதித்தது. ஆயினும் அச்சட்டம் இவ்வழியை அடைக்கவில்லை.

எனவே, திரையின் முன் நிற்பவர் தம்மைப் பார்ப்பவர்களுக்காக விரலை நீட்ட வேண்டியதில்லை. கனிவான சேவைக்கு மகிழ்ந்து ஒரு டொலர் கொடுப்பது நற்பண்பு, கொடாதிருப்பது இழுக்கன்று. கூலியாக உள்ளதை மறுப்பது அநீதி. கொடையாக உள்ளதை வற்புறுத்திப் பெறுவதோ கொடையின் பெயரையே கெடுப்பதாகும். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிந்தவருக்கு அத்திரை ஒரு சங்கடமாகத் தோன்றாது.