உஷார்! கரிசல் இறுகிக் கிடக்கிறது என்று நம்பிக் கொட்டகை போடாதீர்கள்

பங்குனி பிறந்துவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி, கல்லூரணி, திருச்சுழி, பரளச்சி, நரிக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் புதுத் தகரம் கண்ணைக் கூசுகிறது. வீட்டு மாடியில் தகரம், தோட்டத்தில் ஆட்டுக்கொட்டகை, சாலையோரத்தில் கடைக்கு முன்னால் சாய்ப்பு, கோயில் வாசலில் திருவிழாப் பந்தல். அக்கினி வெயில் வருமுன் நிழல் வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். போடுங்கள், நிழல் இல்லாமல் இந்த ஊரில் பிழைக்க முடியாது. ஆனால் கொட்டகையின் தலையைப் பார்த்துப் பணம் கொடுக்குமுன் அதன் காலைப் பாருங்கள்.

கால் எங்கே ஊன்றியிருக்கிறது, எவ்வளவு ஆழம், அடியில் என்ன இருக்கிறது? கொட்டகை போடுகிற வெல்டிங் பட்டறைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இறுகிக் கெடக்கு அண்ணாச்சி, கடப்பாரையே எறங்க மாட்டேங்குது. ஒரு அடி போதும். எங்க போயிரப் போகுது?"

போய்விடும். அந்த இறுக்கத்தை நம்பித்தான் ஏமாறுகிறோம்.

கரிசல் மண்ணின் குணம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மண்ணிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகைதான் இதற்குக் காரணம். தண்ணீரைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும், வெயிலில் விட்டுவிடும். கோடையில் கடப்பாரையைத் திருப்பி அடிக்கிற அதே மண், முதல் கோடை மழையில் காலை உள்ளே இழுக்கிற சேறாகிவிடும்.

போன வருடம் போட்ட கொட்டகை உங்களிடம் இருந்தால், இன்றைக்கே போய் ஒரு தூணின் அடியில் குனிந்து பாருங்கள். கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். விரல் நுழையும், சில இடங்களில் வேப்பங்குச்சியை விட்டால் குச்சி முழுவதும் உள்ளே போய்விடும். மண் சுருங்கித் தூணைக் கைவிட்டுவிட்டது. அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டிருப்பது அடியில் ஊற்றிய கான்கிரீட்டின் கனம் மட்டும்தான். மழை வந்தால் தண்ணீர் முதலில் இறங்குவதும் அந்த இடுக்கு வழியாகத்தான். மேல்மண் காய்ந்த மாதிரி தெரியும்போதே அடிமண் குழைந்துவிடும். காற்றும் மழையும் சேர்ந்து வரும் நேரத்தில்தான் உங்கள் தூணுக்குப் பிடிப்பு மிகக் குறைவாக இருக்கும்.

நாம் ஆடிக் காற்றுக்குப் பயந்து பழகியவர்கள். ஆடிக் காற்று நாள் முழுக்க ஒரே திசையில் வீசும், அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆபத்து சித்திரை, வைகாசி மாலைகளில் இருக்கிறது. பகல் முழுக்கப் புழுங்கி, நாலு மணிக்கு மேல் மேகம் கறுத்து, மழைக்குச் சற்று முன்னால் குளிர்ந்த காற்று ஒன்று மேகத்திலிருந்து தரையை நோக்கி இறங்கி நாலு பக்கமும் சிதறும். வானிலை மையம் 40, 50 கிலோமீட்டர் வேகக் காற்று என்று எச்சரிக்கலாம். அது பரந்த வட்டாரத்துக்கான கணக்கு. மேகத்துக்கு நேர் கீழே இருக்கிற ஓர் ஊரில் அதைவிட அதிகமாகவே அடிக்கும்.

அந்தக் காற்று கொட்டகையை என்ன செய்யும் என்பதில்தான் பலருக்கும் தவறான எண்ணம். காற்று கொட்டகையைச் சாய்க்கும் என்று நினைக்கிறோம். அதைவிட முக்கியம், காற்று கொட்டகையைத் தூக்கும். கூரைக்கு மேலே வேகமாகப் போகிற காற்று மேல்நோக்கி உறிஞ்சும், கீழே புகுந்த காற்று அடியிலிருந்து தள்ளும். மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகைதான் எல்லாவற்றிலும் மோசம், உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியே இல்லை. நம் பாட்டன்மார் போட்ட ஓலைக் கொட்டகையில் ஓலை இடுக்கு வழியாகக் காற்று கொஞ்சம் கசிந்து போகும். தகரத்தில் அந்த வழியும் கிடையாது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 30 அடிக்கு 20 அடி தகரக் கொட்டகை, ஆறு கால். கூரை 56 சதுர மீட்டர். மணிக்கு 87 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 36 கிலோ கனத்தில் அழுத்தும். மொத்தம் இரண்டு டன். தகரமும் பைப்பும் சேர்ந்து அறுநூறு கிலோ தேறலாம். மிச்சம் 1,400 கிலோவைக் கீழே பிடித்து வைக்க வேண்டியது அந்த ஆறு குழிகள். ஒரு கன அடி கான்கிரீட் 68 கிலோ. ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழம் என்று ஊற்றிய ஆறு குழிகளும் சேர்ந்து 400 கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கொட்டகை பறந்த பிறகு "காத்து சாஸ்தி" என்று சொல்லிக்கொள்கிறோம். குழி சிறிசு என்று யாரும் சொல்வதில்லை.

87 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புழுதிப் புயலில் 120 அடிக்கு 120 அடி விளம்பரப் பலகை ஒன்று பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். அதை ஆராய்ந்த விஜேடிஐ பொறியியல் கல்லூரி நிபுணர்கள், அன்று அடித்த காற்று மணிக்கு 87 கிலோமீட்டர் என்றும், அந்தப் பலகையின் அஸ்திவாரம் தாங்கக்கூடியது 49 கிலோமீட்டர்தான் என்றும் சொன்னார்கள். அவ்வளவு பெரிய இரும்புச் சட்டம், பிடிப்பு மட்டும் போதவில்லை. இதற்கு மும்பை வரை போக வேண்டியதும் இல்லை. 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை சரிந்து, அதில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் மூன்று பேர் இறந்தார்கள்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 40 கிலோமீட்டரில் அசையாத கொட்டகை 80-ல் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு இழுபடும். "போன காத்துக்கே நின்னுச்சே" என்ற சமாதானத்துக்கு இதனால்தான் மதிப்பில்லை. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மதுரைக்குக் குறித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அருப்புக்கோட்டை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அதனால் 87 சும்மா கூட்டிச் சொன்ன எண் இல்லை.

என்ன செய்யலாம்? குழியை இரண்டடிக்கு இரண்டடி, குறைந்தது இரண்டடி ஆழம் தோண்டச் சொல்லுங்கள். ஒரு குழிக்கு 540 கிலோவுக்கு மேல் கான்கிரீட் வரும், மேலே சொன்ன கொட்டகை ஏறத்தாழ 120 கிலோமீட்டர் காற்று வரை கனத்தாலேயே நிற்கும். முடிந்தவர்கள் இன்னும் ஆழம் போங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது குழியின் வடிவம். கடப்பாரை போட்டுத் தோண்டுகிறவர் இயல்பாகவே மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் தோண்டுவார். அதில் ஊற்றிய கான்கிரீட்டைக் காற்று முள்ளங்கியைப் பிடுங்குவது போலப் பிடுங்கிவிடும். அடியைக் குடைந்து அகலப்படுத்தச் சொல்லுங்கள். அப்போதுதான் மேலே இருக்கிற மண்ணின் கனமும் சேர்ந்து அழுத்தும். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே உருவாக்கிய அஸ்திவார முறையில், ஆழத்தில் துளையைக் குமிழாக அகலப்படுத்திக் கான்கிரீட் ஊற்றுவார்கள். ஆழமான கரிசலில் ஈரம் ஏறி இறங்குகிற தொந்தரவு மூன்றரை மீட்டர் வரை இருக்கும் என்பதால் அதற்கும் கீழே காலை ஊன்றுவார்கள். ஆட்டுக்கொட்டகைக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம். ஆனால் அந்த யோசனை வேண்டும்.

பைப்பை வெறுமனே கான்கிரீட்டுக்குள் சொருகாதீர்கள். அடியில் ஒரு முழக் கம்பியைக் குறுக்கே வெல்டு வையுங்கள். இல்லாவிட்டால் கான்கிரீட் மண்ணிலேயே இருக்கும், பைப் மட்டும் உருவிக்கொண்டு போகும். கான்கிரீட்டைத் தரைமட்டத்துக்கு நாலு விரற்கடை மேலே உயர்த்தி, தூணை விட்டுத் தண்ணீர் வடிகிற மாதிரி சரித்துப் பூசுங்கள். பைப் துருப்பிடித்து அறுவது எப்போதும் மண்ணைத் தொடுகிற அந்த இடத்தில்தான். வெடிப்பு விழுந்தால் மணல் போட்டு அடைத்துவிட்டு மறக்காதீர்கள், மழைக்கு முன் ஒருமுறை மறுபடி பாருங்கள்.

ஏற்கெனவே போட்டாகிவிட்டது, தோண்ட முடியாது என்றால் நாலு மூலைக்கும் ஸ்டே கொடுங்கள். மின்கம்பத்துக்கு மின்வாரியம் கொடுக்கிற ஸ்டே கம்பியைப் பார்த்திருப்பீர்கள். மண்ணுக்கு மேல் தெரிவது கம்பி மட்டும், கீழே ஆழத்தில் ஒரு இரும்புத் தகடு கிடக்கிறது. தகட்டின் மேலுள்ள மண்தான் கம்பத்தைப் பிடித்து நிற்கிறது. அதே வேலையை நீங்களும் செய்யலாம். ஆனால் மின்வாரியத்தின் ஸ்டேயிலோ கம்பத்திலோ உங்கள் கொட்டகையைக் கட்டவே கூடாது. திருகி இறக்குகிற இரும்பு முளைகளும் இப்போது கடையில் கிடைக்கின்றன. நல்லதுதான், முழு ஆழம் இறங்கினால். நம் பக்கம் பல இடங்களில் கரிசலுக்கு அடியில் சுக்கான் கல் தட்டும். பாதியில் நின்ற முளையைத் தலையில் தட்டி வளைத்துவிட்டு "பிடிச்சிருச்சு" என்பார்கள். பிடிக்கவில்லை. அந்த இடத்தை விட்டுத் தள்ளி இறக்கச் சொல்லுங்கள்.

மாடித் தகரத்துக்கு மண்ணே இல்லை, ஆபத்து இன்னும் கூடுதல். நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்துத் தூணை நிறுத்துகிறார்கள். செங்கல் சுவர் போல்டோடு சேர்ந்து பெயர்ந்து தெருவில் விழும். மேல்மாடிக்கென்று விட்டு வைத்த கான்கிரீட் தூண் கம்பியோடு தூணைச் சேர்த்துக் கான்கிரீட் போடுங்கள். தகரத்தின் ஓரத்திலும் மூலையிலும்தான் காற்று அதிகமாக இழுக்கும். நடுவில் எப்படிப் போட்டாலும், ஓரத்தில் ஸ்க்ரூவை நெருக்கிப் போடச் சொல்லுங்கள். சோலார் பலகையும் அப்படியே. 3 கிலோவாட்டுக்கு ஆறு பலகை, அதே 87 கிலோமீட்டர் காற்றில் அரை டன்னுக்கு மேல் தூக்கும். சும்மா வைத்த கான்கிரீட் கட்டை போதாது.

இனி பந்தல். பங்குனி, சித்திரைப் பொங்கல் விழாக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்கிற இடம். 2019 ஜூன் 23 அன்று ராஜஸ்தானின் பார்மர் மாவட்டம் ஜசோலில் ராமகதை கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் மேல் காற்றிலும் மழையிலும் பந்தல் சரிந்தது. 14 பேர் இறந்தார்கள். சரிந்த பந்தலில் மின்சாரமும் பாய்ந்தது. தார்ச்சாலையிலும் சிமெண்டுத் தளத்திலும் முளை அடிக்க முடியாது என்று பந்தல்காரர் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். விடாதீர்கள். ஒவ்வொரு காலிலும் தண்ணீர் நிரப்பிய 200 லிட்டர் டிரம்மைக் கட்டச் சொல்லுங்கள். மண்தரையில் முளையைப் பந்தலுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்து, கயிற்றை மண்ணை ஒட்டிக் கட்டச் சொல்லுங்கள். மேகம் கறுக்கும்போது சுற்றுப் படுதாவை அவிழ்க்க ஒருவர் பொறுப்பாக நிற்கட்டும். மின் இணைப்பைத் துண்டிக்க இன்னொருவர்.

என்னை உறங்க விடாத விஷயம் ஒன்று உண்டு. திருவிழாத் திடலில் குழந்தைகள் ஏறிக் குதிக்கிற காற்றடைத்த பலூன் மாளிகை. 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலம் டெவன்போர்ட்டில், பள்ளி ஆண்டு முடிவைக் கொண்டாடிய ஹில்கிரெஸ்ட் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளை ஒரு புழுதிச் சுழல் அப்படியொரு பலூனோடு சேர்த்து வானில் தூக்கியது. ஆறு குழந்தைகள் இறந்துபோனார்கள். எட்டு இடத்தில் முளை அடிக்க வேண்டியதில் நாலில்தான் அடித்தார்கள் என்று வழக்கு நடந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம், அந்தச் சுழல் முன்கூட்டி அறிய முடியாதது என்று நடத்தியவரை விடுவித்தது.

அங்கே அது அபூர்வம். இங்கே பங்குனி, சித்திரை மத்தியானத்தில் தரிசுக் காட்டைப் பாருங்கள், புழுதி சுழன்று எழும்பிச் சருகையும் பிளாஸ்டிக் பையையும் பனை உயரத்துக்குக் கொண்டுபோகிற காட்சி நமக்கு அன்றாடம். முன்கூட்டி அறிய முடியாது என்று நம் ஊரில் யாரும் சொல்ல முடியாது. ஆகவே வெயில் நேரத்தில் அந்தப் பலூனில் குழந்தையை ஏற்றவே வேண்டாம். சாயங்காலம் ஏற்றினாலும் முதலில் சுற்றி வந்து முளைகளை எண்ணுங்கள். வளையம் எத்தனையோ அத்தனை முளை இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் குழந்தையைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், அழுதாலும் பரவாயில்லை. காற்று எழும்பிவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம், உடனே இறக்கிவிடுங்கள்.

கொட்டகை ஆட ஆரம்பித்த பிறகு தூணைக் கட்டிப்பிடித்து நிறுத்தப் போகாதீர்கள். ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துவிட்டு, நீங்களும் கான்கிரீட் கூரைக்கு அடியில் போய்விடுங்கள். பறந்த தகரம் மின்கம்பியில் கிடந்தால், மழை விட்டிருந்தாலும் தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும் தொடாதீர்கள், பிறரையும் அண்டவிடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டு எண்ணையும் கொட்டகைத் தூணிலேயே பெயிண்டில் எழுதி வையுங்கள்.