சமூகவியல் படித்து என்ன செய்வது?

ஹோம்புஷில் பன்னிரண்டாம் ஆண்டுப் பிள்ளை உள்ள எம்மவர் வீடுகள் பலவற்றில் கேட்கும் கேள்வி இது. மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று பெற்றோர் அடுக்கிக்கொண்டிருக்கையில் பிள்ளை "சமூகவியல்" என்றால் வீடு மௌனமாகிவிடும். அம்மௌனத்தை நகைக்க வேண்டாம். அனைத்தையும் இழந்து வந்தவர்களின் அச்சம் அது.

ஆயினும் இத்துறையில் எமக்கொரு முன்னோடி உண்டு. 1929இல் பிறந்த ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1954இல் அமெரிக்காவின் கோர்னெலில் கலாநிதிப் பட்டம் பெற்று, நாடு திரும்பிச் சமூகவியல் கற்பித்தார். 1956இல் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் மாணவருடன் கள ஆய்வில் இருந்தபோது அங்கே தமிழருக்கு எதிரான வன்முறை மூண்டது. ஆராயச் சென்றவர் ஆபத்தின் நடுவே நின்றார். 1960இல் நாட்டை விட்டு வெளியேறித் தாய்லாந்தின் பௌத்த கிராமங்களை ஆராய்ந்தார். பின்னர் ஹாவார்டில் பேராசிரியரானார். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னரே தாய்நாட்டின் இனப்பிளவு பற்றிய நூலை எழுதி, 1986இல் வெளியிட்டார். பௌத்தமும் அரசியலும் குறித்த அவரது 1992ஆம் ஆண்டு நூலைத் தடைசெய்யுமாறு இலங்கையில் குரல்கள் எழுந்தன. பயனற்ற படிப்பென்றால் இத்தனை சினம் ஏன்? 2014இல் அவர் மறைந்தார்.

எம் கதவைத் தட்டி, எத்தனை பேர், எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று கேட்கும் வினாத்தாள்களைப் பெரும்பாலும் பிறரே எழுதுகின்றனர். எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதை எம் பிள்ளைகளே அறிவர்.

சிட்னியில் இப்படிப்புக்கு வழி உண்டு. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 1959இலேயே சமூகவியலைத் தொடங்கிவிட்டது. ஒன்றை மட்டும் பெற்றோர் கவனிக்க: சமூகப்பணி வேறு, சமூகவியல் வேறு. சமூகப்பணியாளராக அதற்கென அங்கீகரிக்கப்பட்ட தனிப் பட்டம் வேண்டும். விண்ணப்பிக்குமுன் இதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.